கதவு திறக்கும் உத்தியோகம்

ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரையுள்ள மகாஜனங்கள் அனைவருக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: வடசென்னையின் கௌரவத்தை நாலு சக்கரத்தில் தாங்கி வந்த எட்டு சிலிண்டர் சீமைக் கார், சென்ற வெள்ளிக்கிழமை மத்தியானம் தன் திருப்பணியை நிறைவு செய்துகொண்டது. இனி அதைக் கண்டு யாரும் தெருவோரம் ஒதுங்க வேண்டியதில்லை. அதைத் தள்ளுவதற்கு யாரும் வேட்டியை மடித்துக் கட்ட வேண்டியதும் இல்லை.

அதே மத்தியானம் அதன் சொந்தக்காரரும் காலமானார். ராயபுரம் மிளகாய் வத்தல் மண்டி முதலாளி ஆறுமுகநயினார், என் அக்காள் பூமாரியின் புருஷன், எனக்கு அத்தான். அறிவிப்பில் அவரை இரண்டாவதாகப் போட்டதற்கு அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்களிடம் அவரே அந்த வரிசையில்தான் சொல்லுவார்: "காரும் நானும் வந்துருதோம்."

இன்ஸ்பெக்டர் ஐயா, காப்பி ஆறுகிறது, குடித்துவிட்டு எழுதுங்கள். நான் எங்கும் போய்விடப் போவதில்லை. காருக்கு என்ன கோளாறு என்று கேட்டீர்கள். கேள்வி சின்னது. பதிலுக்குத்தான் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

துறைமுகத்துக் கம்பெனி ஒன்றின் துரை, தேசம் விடுதலையானதும் கப்பலேறினார். ஏறுமுன் அவர் விற்றுவிட்டுப் போனவை ஒரு பியானோ, ஒரு நாய், இந்தக் கார். பியானோவை ஒரு பள்ளிக்கூடம் வாங்கியது. நாயை ஒரு சுங்க குமாஸ்தா வாங்கினார். காரை அத்தான் வாங்கினார். மூன்றில் நாய்தான் நல்ல பேரம்; அது கூப்பிட்டால் வந்தது.

கார் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் நின்று மறுபக்கத்து ஆளைப் பார்க்க முடியாத நீளம். உள்ளே டிரைவருக்கும் முதலாளிக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு. அதைத் தாண்டிப் பேசுவதற்கு ஒரு குழாய். பின்னால் இருப்பவர் அதில் வாயை வைத்துப் பேசினால் முன்னால் டிரைவரின் காதருகே வந்து விழும். துரை அதில் என்னென்ன ராஜ்ய விஷயம் பேசினாரோ தெரியாது. அத்தான் பேசியதெல்லாம் "ஏல, மெள்ளப் போ" என்பதுதான். அந்தக் கார் வேகமாகப் போகக்கூடும் என்று நம்பிய ஒரே ஆள் அவர்.

வாங்கிய வாரமே ராயபுரம் பாலம் ஏறுவதற்குள் ரேடியேட்டர் கொதித்தது. பிறகு அது கொதிக்காத நாள்தான் எங்களுக்கு நினைவில் நிற்கும். மண்டிக்காரர்கள் எதையும் மூட்டைக் கணக்கில் பேசுகிறவர்கள்; ரேடியேட்டர் அடைப்பெடுக்க நாலு மூட்டை வத்தல் போயிற்று. அடைப்பெடுத்ததும் ஒழுகத் தொடங்கியது. அந்த அடைப்புத்தான் அதுவரை ஓட்டையை மறைத்து வைத்திருந்ததாம். ஓட்டைக்கு மறுபடியும் நாலு மூட்டை. கியர்ப் பெட்டிக்குள் பல் உடைந்தபோது ஒரு லாரி வத்தல் அப்படியே அதன் வாய்க்குள் போயிற்று. சீமையிலிருந்து உதிரிச் சாமான் வரவழைத்தார்கள். கப்பலில் மாதக்கணக்காக வந்து, பெட்டியைப் பிரித்தால் வேறு காருடையது. அதைத் திருப்பி அனுப்பினால் மானக்கேடு என்று கண்ணாடிப் பீரோவில் வைத்துப் பூட்டினார் அத்தான். விருந்தாளிகள் அதைக் கோயில் சாமான் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

போதாததற்கு உப்புக்காற்று. கடலோரத்தில் மனிதனுக்கே மூட்டு பிடித்துக்கொள்கிறது. சீமை இரும்பு என்ன செய்யும். கண்ணாடி இறக்கும் சக்கரமெல்லாம் துருப்பிடித்து இறுகிவிட்டது. ஏற்றிய கண்ணாடி ஏற்றியபடி. தடுப்புக் கண்ணாடியும் அப்படியே. வண்ணாரப்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் யேசுதாஸ், கப்பல் உடைத்த பழைய இரும்பில் சாமான் அடித்து மாட்டுகிறவர், ஒருநாள் அடியிலிருந்து தலையை நீட்டிச் சொன்னார்:

"மொதலாளி, தப்பா நென்ச்சிக்காத. இது காரு இல்ல, கப்பலு. காசிமேட்டாண்ட தண்ணில தள்ளி வுட்டுப் பாரு, சோக்கா ஓடும்."

அத்தான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் "நம்ம கப்பல்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

இனிக் கதவுகளுக்கு வருகிறேன். நீங்கள் காத்திருப்பது அதற்குத்தான் என்று தெரிகிறது.

பின்பக்கக் கதவு இரண்டு. வலது கதவில் ஒரு மாட்டுவண்டியின் நுகத்தடி இடித்து, அன்றோடு அது கதவாக இருப்பதை விட்டுவிட்டுச் சுவராகிவிட்டது. இடது கதவு திறக்கும், வெளியிலிருந்து மட்டும். உள்பக்கத்துக் கைப்பிடி துரை காலத்திலேயே உடைந்து போய், அது இருந்த இடத்தில் ஒரு சதுர ஓட்டை இருந்தது. வாங்கும்போதே நான் அதைச் சுட்டிக்காட்டினேன். அத்தான் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மாப்ளே, உள்ள கைப்பிடி எதுக்குவே? தன் கதவத் தானே தொறக்குதவன் என்ன பெரிய மனுசன்? துரை ஒருநாளாவது தொறந்திருப்பானா?"

சரிதான். துரைக்குத் திறந்துவிட ஒரு டவாலி போட்ட சேவகன் இருந்தான். அத்தானுக்கு நான் இருந்தேன்.

நான் மண்டியில் கூலி ஆள் இல்லை, ஐயா. தெற்கிலிருந்து வந்து மண்டி தொடங்கியபோது என் தகப்பனார் போட்ட முதலும் அதில் இருக்கிறது; எனக்குக் கால் பங்கு. ஆனால் தினமும் காலை வேளையில் பங்கெல்லாம் பார்க்க முடியாது. கார் வந்து மண்டி வாசலில் நிற்கும். ஹாரன் அடிக்கும். நான் தராசை விட்டுவிட்டு வெளியே வந்து, இடது கதவைத் திறந்து, ஒரு அடி பின்வாங்கி நிற்க வேண்டும். அவர் இறங்குவார். இறங்கியதும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சற்று நிற்பார், ராஜா தர்பாருக்குள் நுழையுமுன் நிற்பதுபோல. மூட்டை சுமக்கிறவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்குப் பிறகுதான் வியாபாரம் தொடங்கும்.

ஒருநாள் நான் பின்கட்டில் மூட்டை பிரித்துக்கொண்டிருந்தபோது சுமையாள் ஒருவன் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டான். அத்தான் இறங்கவில்லை. கதவு திறந்தபடி, இவர் உட்கார்ந்தபடி, தெருவில் கைவண்டிகள் தேங்கி ஒரே கூச்சல். நான் ஓடி வந்தேன். திறந்திருந்த கதவை என்னை முதலில் மூடச் சொன்னார். மூடினேன். பிறகு திறந்தேன். பின்வாங்கி நின்றேன். இறங்கினார். சுமையாள் திறந்தால் அது கதவு. கால் பங்குக்காரன் திறந்தால்தான் கௌரவம்.

மண்டி ஆட்கள் யாரும், நான் உட்பட, காரில் ஏறக்கூடாது என்று ஒரு சட்டமும் இருந்தது. வத்தல் நெடி தோல் ஸீட்டில் ஏறிவிடுமாம். அவரும் அதே மண்டியில் அதே தும்மலைத்தான் தும்மிக்கொண்டிருந்தார். முதலாளி மேல் நெடி ஒட்டாது போலும். "அந்த ஸீட்டப் பாத்தீரா, பூ மாதிரி. சீமைத் தோலுவே" என்று தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் கண்ணாடி வழியாகக் காட்டுவார். எனக்கு அதில் வருத்தமில்லை. நடந்தால் உடம்புக்கு நல்லது.

தூரப் பயணம் என்றால் நடக்க முடியாது அல்லவா, அதற்கும் ஏற்பாடு உண்டு. கார் முன்னே போகும். பின்னால் பொன்னுரங்கத்தின் ஜட்கா போகும். ஜட்காவில் தண்ணீர்க் குடமும், தள்ளுவதற்கு ஆட்களும், நானும். இப்படி ஒரு ஊர்வலத்தை வடசென்னை அதுவரை பார்த்ததில்லை. எட்டு சிலிண்டர் முன்னே இருமிக்கொண்டு போக, ஒற்றைக் குதிரை பின்னே பொறுமையாக வரும். தண்டையார்பேட்டை வருவதற்குள் பொன்னுரங்கம் குதிரையை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். "இன்னா சின்ன மொதலாளி, என் குதுர மொதலாளிய ஓவர்டேக் பண்ணா மரியாதயா இருக்குமா?" என்று ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்பான். நான் சிரிப்பேன். நான் சிரிக்கிற ஆள்தான், ஐயா. அத்தானைப் பற்றி நான் சொன்ன வேடிக்கைகளை ராயபுரம் முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். பெரிய மனுஷத்தனம் என்பது காற்றடைத்த ட்யூப். ஒரு குண்டூசி இருந்தால் போதும் என்பது என் கட்சி.

அதனால் கோபத்தில் செய்தேன் என்று எழுத வேண்டாம். கோபக்காரனாயிருந்தால் போன ஐப்பசி மழையிலேயே செய்திருப்பேன். அன்று கல்மண்டபம் ரோட்டில் முழங்கால் தண்ணீர். கார் நடுவில் நின்றுவிட்டது. சாக்கடையும் மழையும் ஒன்றாய்க் கலந்து ஓடியதில் இறங்கி நானும் ஆட்களும் தள்ளினோம். உள்ளே அவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது கண்ணாடியில் தெரிந்தது. குழாயில் அவர் சொன்னதை டிரைவர் மஜீது முன்கதவைச் சற்றே திறந்து தலையை நீட்டி எனக்கு அறிவித்தான். பாவம், அவனுக்கே வெட்கம்.

"சின்ன மொதலாளி, மெள்ளத் தள்ளணுமாம். குலுங்குதாம்."

மெள்ளத் தள்ளினேன். கார் திடீரென்று உயிர் பிடித்து, கரும்புகையை என் முகத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டது. நிற்கவில்லை, நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்பது நியாயம்தான். நான் தண்ணீரில் நின்றேன். மீன்கூடையோடு ஒதுங்கி நின்ற சிலுவையம்மாள் என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"இன்னா நைனா, பெத்த புள்ள மாதிரி தள்ளிக்கினு வந்த, உன்ன வுட்டுட்டுப் பூட்ச்சே?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை, மறுநாளும் இறங்கவில்லை. காலையில் ஹாரன் அடித்தது. போய்க் கதவைத் திறந்தேன். இதுவா கோபக்காரன் செய்கிற காரியம்?

இந்தக் கைப்பிடி என் மடியில் எப்படி வந்தது என்பதுதானே உங்கள் அடுத்த கேள்வி. மேஜைமேல் வைத்திருக்கிறீர்களே, பித்தளை, அழகாயிருக்கிறது. யேசுதாஸ் அடித்தது. வெள்ளிக்கிழமைக்குச் சில நாள் முந்தி மஜீது கொண்டுவந்து என் கையில் கொடுத்தான்.

"சின்ன மொதலாளி, கதவுக்கு உள்ளாற மாட்ற கைப்புடி. ஓட்டைல சொருவி ஒரு திருவு திருவுனா போதும். பெரிய மொதலாளி கைல நான் சொன்னா, கவுரவம் பூடும்னு வையும். நீயே பதமா சொல்லி மாட்டிடு. என்னிக்கினா ஒண்ணு ஆச்சின்னா, வண்டி ஓட்டுனவன் தலதான் உருளும்."

"சொல்லுதேன்" என்றேன். சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று நான் சொன்னால் நீங்கள் நம்பலாம், ஆனால் மறக்கவில்லை. தினமும் காலையில் கதவைத் திறக்கும்போது அது என் மடியில் இருந்தது. வயிற்றில் இடித்துக்கொண்டிருந்தது. இந்த மனிதரை உள்ளே வைத்திருப்பதும் வெளியே விடுவதும் என் கையில் இருக்கிறது என்பதை அது ஒவ்வொரு காலையும் எனக்குச் சொல்லும். நான் பின்வாங்கி நிற்பது அதற்குப் பிறகு அவ்வளவு கஷ்டமாக இல்லை. வேறு கெட்ட எண்ணம் எதுவும் அப்போது இல்லை.

வெள்ளிக்கிழமை எண்ணூரில் ஒரு வாசகசாலைத் திறப்பு விழா. அத்தான் தலைமை. பேச்சுக்குத் தலைப்பு உழைப்பின் பெருமை. பேச்சை எழுதிக்கொடுத்தது நான்தான். 'அவரவர் காரியத்தை அவரவரே செய்துகொள்ளும் நாள்தான் நாட்டுக்குப் பொன்னாள்' என்று ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். அவர் அதைச் சத்தம் போட்டுப் படித்துப் பார்த்து, "நல்லாருக்குவே, கைதட்டுவான்" என்று மெச்சிக்கொண்டார். ஜரிகைத் தலைப்பாகை, வெள்ளிப் பூண் போட்ட பிரம்பு. காரும் அவரும் கிளம்பினார்கள். அன்று மண்டிக்குச் சரக்கு வந்திருந்ததால் தள்ளும் ஆட்களை நான் அழைத்து வரவில்லை. ஜட்காவில் பொன்னுரங்கமும் குடமும் நானும்தான்.

திருவொற்றியூர் தாண்டியபின் ரோட்டின் குறுக்கே சரக்கு ரயிலின் சைடிங் லைன் ஒன்று போகிறது, உங்களுக்குத் தெரியும். கேட் கிடையாது. சரக்கு வாகன்களை எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். முதல் வாகனில் ஒரு ஆள் சிவப்புக் கொடியோடு தொங்கிக்கொண்டு வருவான். தண்டவாளம் ரோட்டைவிட மேடு. அந்த மேட்டில் ஏறுவதற்கு எங்கள் கார் தூரத்திலிருந்தே வேகம் பிடித்து வர வேண்டும். மஜீது அப்படித்தான் பிடித்து வந்தான். குழாயில் உத்தரவு வந்தது: "ஏல, மெள்ளப் போ, தலப்பா சரியுது."

மெள்ளப் போனான். மேட்டின் உச்சியில், தண்டவாளத்துக்கு நேர் மேலே, கார் ஒரு இருமல் இருமி நின்றது.

நான் நிறுத்தவில்லை. இதை அடிக்கோடு போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஜட்கா போய்ச் சேர்ந்தபோது மஜீது முன்னால் நின்று ஹாண்டில் அடித்துக்கொண்டிருந்தான். வேர்வையில் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. எஞ்சின் அசையவில்லை.

"இது ஆவறதில்ல சின்ன மொதலாளி. ஆள் வோணும்."

"அந்தத் திருப்பத்துல டீக்கடை இருக்கு பாரு. ஓடிப்போயி ஆள் கூட்டிட்டு வா" என்றேன். பொன்னுரங்கத்தைக் குடத்தோடு கிணற்றுக்கு அனுப்பினேன். மஜீது இரண்டு எட்டு வைத்தவன் திரும்பி வந்து, பின்கதவில் கை வைத்தான்.

"பெரிய மொதலாளிய எறக்கி வுட்டுட்டுப் போவட்டா? தண்டவாளமாச்சே."

"வெயில்ல எதுக்குவே அவுகள எறக்கிக்கிட்டு? நீ போ. நான் பாத்துக்கிடுதேன்."

அவன் கையை எடுத்துக்கொண்டு ஓடினான். நல்ல பையன். இந்த விஷயத்தில் அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை. என் வாயால் சொல்லிவிட்டேன், அவனை விட்டுவிடுங்கள்.

அப்போது எஞ்சினின் ஊதல் சத்தம் கேட்டதா என்று கேட்பீர்கள். அவனுக்குக் கேட்கவில்லை, ஹாண்டில் அடித்த மூச்சிரைப்பு. எனக்குக் கேட்டது. அவனை அனுப்புமுன்பே கேட்டது.

நான் இடது கதவுப் பக்கம் வந்து நின்றேன். அத்தான் கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். இறக்காத கண்ணாடி வழியாகக் குரல் பஞ்சில் பொதிந்ததுபோல் வந்தது.

"என்ன மாப்ளே, கெளம்புமா? அங்க மாலயோட நிப்பானுவ."

"கெளம்பும் அத்தான்."

பேச்சுக் காகிதத்தை எடுத்து மறுபடி படிக்க ஆரம்பித்தார். அந்த வாக்கியத்துக்கு வந்திருப்பார் என்று நினைக்கிறேன். உதடு அசைந்தது, கை ஒருமுறை உயர்ந்து தாழ்ந்தது. வலது பக்கம் வளைவில் முதல் வாகன் தெரிந்தது. வேகமாக ஒன்றும் வரவில்லை; சைக்கிள்காரன் அவசரமில்லாமல் மிதிப்பதுபோல் வந்தது. ஒரு மனிதரை இறக்கி, தலைப்பாகையைச் சரிசெய்து, ரோட்டோரம் நிழலில் நிற்க வைக்கத் தாராளமாக நேரம் இருந்தது. கொடிக்காரன் பார்த்துவிட்டான். கத்தினான். கொடியை ஆட்டினான். எஞ்சின் பின்னால் வெகு தூரத்தில் இருந்தது. அதற்குத் தெரிந்து, பிரேக் பிடித்து, அத்தனை வாகன்களும் ஒன்றையொன்று முட்டி நிற்பது எந்தக் காலம்?

சத்தம் கேட்டு அத்தான் திரும்பினார். பிறகு என்னைப் பார்த்தார். அப்போதும் அவர் முகத்தில் பயம் இல்லை, ஐயா. அதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அதட்டல்தான் இருந்தது.

"கதவு, மாப்ளே."

அவர் கதவை நோக்கி நகர்ந்து, இறங்குவதற்குத் தயாராக ஒரு காலை நீட்டி வைத்துக்கொண்டார். தினமும் மண்டி வாசலில் வைத்துக்கொள்வதுபோல. என் கை வெளிக் கைப்பிடியில் இருந்தது. வெயிலில் சுட்டது. அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கை திரும்பவில்லை என்று அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் முதல்முறையாகத் தன் கதவைத் தானே திறக்கப் பார்த்தார். சதுர ஓட்டைக்குள் விரலை விட்டுத் திருகினார். என் மடியில் பித்தளை இடித்தது. பிரம்பை ஓங்கினார், ஓங்கிய கை கண்ணாடிக்கு எதிரே நின்றுவிட்டது. அந்தக் கண்ணாடி உடைந்தால் இந்தியாவிலேயே கிடைக்காது என்று அவர் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார்.

தினமும் நான் செய்வது இரண்டு காரியம். கதவைத் திறப்பது, பிறகு பின்வாங்கி நிற்பது. அன்று இரண்டாவதை மட்டும் செய்தேன்.

கொடிக்காரன் உங்களிடம் சொன்னது சரி. துரை வீட்டுச் சேவகன் மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு, தண்டவாளத்துக்கு வெளியே விறைப்பாக நின்றேன். பழக்கம்.

இனிக் காரணம். இன்று காலை என் அக்காள் இங்கே வந்ததை நீங்களும் பார்த்தீர்கள். அவளுக்காகச் செய்தேன் என்றுதான் நேற்று உங்களிடம் சொல்லியிருந்தேன். அவள் கை வளையல் அந்தக் காரின் கியர்ப் பெட்டிக்குள் போயிற்று, அவள் வாழ்வு பாழாயிற்று என்றேன். அதைக் கேட்டுவிட்டு அவள் கம்பிக்கு அந்தப்பக்கம் நின்று சொன்னாள்:

"அந்த வளையல அவுக கேக்கலயே தம்பி. நாந்தான கழத்திக் குடுத்தேன். பொன்னாத்தா கோயிலுக்கு அந்தக் கார்ல போகையில, தெருவே எந்திரிச்சி நின்னுச்சில்லா. அதுக்கு எத்தன வளையல் வேணும்னாலும் குடுப்பேன். நீ எதுக்குல எம்பேரச் சொல்லுத?"

பிறகு அழாமல் போய்விட்டாள். ஆகவே அந்தக் காரணத்தை அடித்துவிடுங்கள். மண்டியைக் காப்பாற்றச் செய்தேன் என்றும் எழுத முடியாது. அவர் போனதோடு தெற்கத்தி வியாபாரிகள் சரக்கை நிறுத்திவிட்டார்கள், அவர் வாக்குக்காகத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்களாம். ஆணவத்தை ஒருவன் தட்டிக் கேட்க வேண்டியிருந்தது, ஊருக்காகக் கேட்டேன் என்று வேண்டுமானால் எழுதலாம் என்று நினைத்தேன். ஆனால் சாவுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்தேன். சுமையாட்கள் அழுதார்கள். சிலுவையம்மாள் அழுதாள். யேசுதாஸ் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். அத்தனை பேரும் அந்தக் காரைத் தள்ளியவர்கள்தான். அவர்களில் யாருக்கும் நான் கேட்டது தேவைப்பட்டதாகத் தெரியவில்லை.

மிச்சமிருப்பது ஒன்று. மஜீது உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு தவறு இருக்கிறது. அதைத் திருத்திவிட்டால் நான் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

கார் கவிழவில்லை. வாகன் அதை வலது பக்கமாக நசுக்கி, லைனோடு தள்ளிக்கொண்டு போய், ஓரத்து மணலில் ஒதுக்கிவிட்டு நின்றது. ஆட்கள் வந்து சேருமுன் நான் அங்கே போனேன். மஜீதும் டீக்கடைக்காரர்களும் ஓடி வந்தபோது நான் உள்ளே அத்தானின் பக்கத்தில் இருந்தேன். "சின்ன மொதலாளி உசுரக் கூடப் பாக்காம காப்பாத்த உள்ள பூந்துக்கினாரு" என்று அவன் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அழுதான். உங்களுக்கும் அப்படியே எழுதிக்கொடுத்திருக்கிறான். காப்பாற்ற ஒன்றும் இல்லை; அவர் முடிந்துபோனது வெளியிலிருந்தே தெரிந்தது. இடது கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே திருகில் திறந்தது. ஏறினேன். கதவைச் சாத்திக்கொண்டேன். அந்தப் பூ மாதிரி ஸீட்டில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன்.

ஸ்பிரிங் குத்தியது.